கிளவுட் டேட்டாபேஸில் வெப் அப்ளிகேஷனை இணைப்பது: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு, ஏற்காடு காட்டேஜுக்கு முன்பதிவு, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கு எடைச்சீட்டு என்று எதை எழுதினாலும், லேப்டாப்பில் சமர்த்தாக ஓடிய அப்ளிகேஷன் கிளவுட் டேட்டாபேஸுக்கு மாற்றிய அன்று முரண்டு பிடிக்கும். கோளாறு பெரும்பாலும் கோடில் இருக்காது, போகிற வழியில் இருக்கும். கீழுள்ள பதில்கள் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களுக்குமானவை. கிளவுட் பெயர் சொல்லியாக வேண்டிய இடங்களில் அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். மைக்ரோசாஃப்டின் அஸூரிலும் கூகுள் கிளவுடிலும் இதே பாகங்கள் வேறு பெயர்களில் உண்டு.

கே: இணைப்புக்கு என்னென்ன விவரம் கையில் இருக்க வேண்டும்?

சர்வர் முகவரி, போர்ட் எண், டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, எஸ்எஸ்எல் (வழியில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) அமைப்பு. போர்ட் போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306.

முகவரியாக ஆர்டிஎஸ் பக்கம் தரும் நீளமான பெயரையே எழுதுங்கள். அந்தப் பெயர் இன்றைக்கு எந்த ஐபி எண்ணைக் காட்டுகிறது என்று பார்த்து அந்த எண்ணை எழுதி வைக்காதீர்கள். மெஷின் பழுதாகி மாற்று மெஷினுக்குத் தாவும்போது பெயர் அப்படியே இருக்கும், எண் மாறிவிடும்.

டேட்டாபேஸ் பெயரில் பலர் தடுக்கி விழுவார்கள். ஆர்டிஎஸ்ஸில் இன்ஸ்டன்ஸுக்கு, அதாவது டேட்டாபேஸ் ஓடும் சர்வருக்கு, நீங்கள் வைத்த பெயர் வேறு, உள்ளே இருக்கும் டேட்டாபேஸின் பெயர் வேறு. உருவாக்கும்போது 'தொடக்க டேட்டாபேஸ் பெயர்' கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் போஸ்ட்கிரெஸில் 'போஸ்ட்கிரெஸ்' என்ற ஒன்று மட்டுமே இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் உங்களுக்கென்று எதுவுமே இருக்காது. 'டேட்டாபேஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே வரி முகவரியாக எழுதும்போது பாஸ்வேர்டில் @ இருந்தால் அதற்குப் பின்னால் வருவதைச் சர்வர் பெயர் என்று டிரைவர் (அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு பேச வைக்கும் லைப்ரரி) நினைத்துக்கொள்ளக்கூடும். @ இருக்கும் இடத்தில் %40 என்றும் # இருக்கும் இடத்தில் %23 என்றும் எழுத வேண்டும். அல்லது ஆறு விவரங்களையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள், தொல்லை இல்லை.

கே: சேலத்துக்குப் பக்கம் என்பதால் சென்னையில் வைக்கலாமா, மும்பையா?

அமேசானுக்கு இந்தியாவில் மும்பை, ஹைதராபாத் என இரண்டு ரீஜியன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி). அஸூருக்குச் சென்னையும் புனேயும் உண்டு. கூகுளுக்கு மும்பை, டெல்லி. ஆனால் டேட்டாபேஸ் சேலத்துக்குப் பக்கமா என்பது பெரிய கேள்வியே இல்லை. அப்ளிகேஷன் ஓடும் சர்வருக்குப் பக்கமா என்பதுதான் கேள்வி. இரண்டையும் ஒரே ரீஜியனில் வையுங்கள்.

காரணம் எளிய கணக்கு. ஒரு பக்கத்தைத் திறக்க பிரவுசர் அப்ளிகேஷனுக்கு ஒரு முறை போய் வருகிறது. அந்தப் பக்கத்தைத் தயாரிக்க அப்ளிகேஷன் டேட்டாபேஸுக்கு நாற்பது முறை போய் வரக்கூடும். ஒரு போய்வரல் 1 மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 40. அப்ளிகேஷன் ஏதோ இலவசத் திட்டத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஓடி, டேட்டாபேஸ் மும்பையில் இருந்தால் ஒரு போய்வரலே சுமார் 200 மில்லிசெகண்ட் ஆகும். பக்கம் திறக்க எட்டு வினாடி. வாடிக்கையாளர் நெட் ஸ்லோ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இதே காரணத்தால்தான் கடைக் கவுண்டரில் இருக்கும் டெஸ்க்டாப் மென்பொருளை நேரடியாக மும்பை டேட்டாபேஸில் இணைப்பதும் சரிவராது. நடுவில் கிளவுடிலேயே ஓடும் ஓர் அப்ளிகேஷன் இருக்க வேண்டும்.

கே: இணைப்பு வரவில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

எரர் வரியிலிருந்து. இணைப்பு ஒரு வரிசையில்தான் நடக்கிறது: பெயரைக் கண்டுபிடிப்பது, மெஷினை எட்டுவது, போர்ட்டைத் திறப்பது, எஸ்எஸ்எல், பாஸ்வேர்டு, டேட்டாபேஸ், டேபிள் உரிமை. எந்தப் படியில் நின்றது என்பதை எரர் வரியே சொல்லிவிடும். அதைப் படிக்காமல் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பதில்தான் பாதி நாள் போகிறது.

பெயர் கிடைக்கவில்லை என்றால் முகவரியில் எழுத்துப் பிழை, அல்லது இன்ஸ்டன்ஸ் இன்னும் உருவாகி முடியவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் 'என்எஸ்லுக்அப்' போட்டுப் பாருங்கள். 172.31 என்று தொடங்கும் எண் வந்தால் அது கிளவுடின் உள் முகவரி. பப்ளிக் அக்சஸ் (வெளி இணையத்திலிருந்து எட்டும் வசதி) அணைக்கப்பட்டிருக்கிறது, சேலம் ஐந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டு அதை நேரடியாக எட்டவே முடியாது. அது கோளாறு அல்ல, நல்ல அமைப்பு. உள்ளே போக டன்னல் (நடுவில் ஒரு மெஷின் வழியாகப் போகும் பாதுகாப்பான பாதை) வேண்டும். கீழே வருகிறது.

'டைம்டு அவுட்' வந்தால், அனுப்பிய பாக்கெட்டை யாரோ சத்தமில்லாமல் குப்பையில் போடுகிறார்கள். பெரும்பாலும் செக்யூரிட்டி குரூப், அதாவது எந்த ஐபிக்கு எந்தப் போர்ட் திறக்கும் என்று சொல்லும் கிளவுடின் ஃபயர்வால். அதில் உங்கள் ஐபிக்கு 5432 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தும் வரவில்லை என்றால் உங்கள் அலுவலக ஃபயர்வால் வெளியே போகும் 5432-ஐ அடைத்திருக்கலாம். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, மாறிய ஐபியைக் குரூப்பில் சேர்த்து, ஒரு முறை முயன்றால் தெரிந்துவிடும்.

'ரெஃப்யூஸ்டு' வந்தால் சந்தோஷப்படலாம். மெஷின் வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. போர்ட் எண் தவறு, அல்லது டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. அப்ளிகேஷன் முகவரியைப் படிக்காமல் 'லோக்கல்ஹோஸ்ட்'டையே தேடினாலும் இதே எரர்தான் வரும். என்விரான்மென்ட் வேரியபிள் (கோடுக்கு வெளியே வைக்கும் அமைப்பு விவரம்) சர்வரில் சேர்க்கப்படவில்லை என்பதற்கு இதுவே முதல் அறிகுறி.

'நோ என்கிரிப்ஷன்' என்ற சொல் எரரில் இருந்தால் எஸ்எஸ்எல் இல்லாமல் போயிருக்கிறீர்கள். ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் 15 முதல் எஸ்எஸ்எல் கட்டாயமாகவே வருகிறது. பழைய வெர்ஷனில் ஓடிய கோடு புதியதில் நின்றுபோவது இதனால்தான்.

'பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்பதும் போஸ்ட்கிரெஸ் 15-இல் வந்த மாற்றம். சாதாரணப் பயனர் 'பப்ளிக்' ஸ்கீமாவில் (டேபிள்களை அடக்கும் பிரிவு) டேபிள் உருவாக்க முடியாது, அட்மின் உரிமை கொடுக்க வேண்டும். இந்த வாய்ப்பில் பயனர்களை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. டேபிள் அமைப்பை மாற்ற ஒரு பயனர். அப்ளிகேஷன் ஓட, படிக்கவும் எழுதவும் மட்டும் தெரிந்த இன்னொருவர். மாஸ்டர் பயனரை அப்ளிகேஷனில் போடவே வேண்டாம்.

கே: என் ஐபியை செக்யூரிட்டி குரூப்பில் சேர்த்தேன். நேற்று வேலை செய்தது, இன்று இல்லை.

வீட்டு பிராட்பேண்டில் ஐபி நிலையானது அல்ல. ரௌட்டர் அணைந்து எரிந்தால் மாறும், கரன்ட் போய் வந்தாலும் மாறும். மொபைல் டேட்டாவிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு. பல வீடுகள் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்துகொள்ளும். ரௌட்டர் பக்கத்தில் உங்கள் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அப்போது நீங்கள் அனுமதிக்கும் ஐபி உங்களுக்கு மட்டுமானது அல்ல, முகம் தெரியாத பலருக்கும் சேர்த்துத்தான்.

கே: அப்படியானால் எல்லா ஐபிக்கும் திறந்துவிடும் 0.0.0.0/0 போட்டுவிட்டு பாஸ்வேர்டை வலுவாக வைத்தால் போதாதா?

போதாது. 5432-உம் 3306-உம் திறந்திருக்கிறதா என்று உலகம் முழுக்க ரோபோக்கள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவற்றின் ஒவ்வொரு முயற்சியும் உங்கள் கனெக்ஷன் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைச் சில நொடிகள் பிடித்து வைக்கும்.

பப்ளிக் அக்சஸை அணைத்துவிடுங்கள். அப்ளிகேஷன் சர்வரும் டேட்டாபேஸும் ஒரே விபிசியில் (கிளவுடுக்குள் உங்களுக்கான தனி நெட்வொர்க்) இருக்கட்டும். டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப்பில் ஐபி எண்ணுக்குப் பதிலாக அப்ளிகேஷன் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பையே அனுமதியுங்கள். சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் விதியைத் தொட வேண்டியதில்லை.

கே: லேப்டாப்பிலிருந்து டேபிளைப் பார்க்க டன்னல் போடுவது எப்படி?

அதே விபிசியில் இருப்பதிலேயே சிறிய லினக்ஸ் மெஷின் ஒன்றை எழுப்புங்கள். அதில் பாஸ்வேர்டு லாகினை அணைத்து, சாவிக் கோப்பு மூலம் மட்டும் நுழையும்படி வையுங்கள். லேப்டாப்பில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள மெஷினில் பாதுகாப்பாக நுழையும் முறை) மூலம், உங்கள் 5433 போர்ட்டுக்கு வருவதெல்லாம் அந்த மெஷின் வழியாக டேட்டாபேஸின் 5432-க்குப் போகும்படி ஃபார்வர்டு செய்யுங்கள். 5433 எதற்கென்றால், லேப்டாப்பிலேயே ஒரு போஸ்ட்கிரெஸ் 5432-இல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் இணைந்துகொண்டு கிளவுடில் டேபிளையே காணோம் என்று தேடுவோர் உண்டு. பிறகு டேபிளைப் பார்க்கும் கருவிகளான டிபீவரிலோ பிஜிஅட்மினிலோ சர்வர் 'லோக்கல்ஹோஸ்ட்', போர்ட் 5433 என்று கொடுத்தால் போதும்.

ஐபி மாறும் தொல்லை எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட்டுக்கும் பொருந்துமே என்று கேட்டால், ஆம். அதற்கு அமேசானில் செஷன் மேனேஜர் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு போர்ட்டும் திறக்காமல் இதே டன்னலைப் போடலாம்.

சர்வர் பெயரையும் சரிபார்க்கும்படி வைத்திருந்தால், டன்னலில் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் (சர்வரின் அடையாளச் சான்று) பெயர் பொருந்தாது என்று எரர் வரும். சர்டிஃபிகேட்டில் இருப்பது ஆர்டிஎஸ் பெயர், நீங்கள் கொடுத்தது லோக்கல்ஹோஸ்ட். போஸ்ட்கிரெஸின் பிஎஸ்க்யூஎல் கருவியில் 'ஹோஸ்ட்' என்பதில் உண்மைப் பெயரையும் 'ஹோஸ்ட்அட்ரஸ்' என்பதில் 127.0.0.1 என்றும் கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

கே: எஸ்எஸ்எல் 'ரிக்வயர்' என்று வைத்திருக்கிறேன். அது போதுமா?

நடுவில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். ஆனால் எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று பார்க்காது. 'வெரிஃபை ஃபுல்' என்று வைத்து, அமேசான் தரும் சிஏ (சர்டிஃபிகேட்டை வழங்கும் அமைப்பு) சர்டிஃபிகேட் கோப்பையும் காட்டினால்தான் அந்தச் சோதனை நடக்கும்.

நோட் ஜேஎஸ்ஸில் எழுதுகிறவர்கள் சர்டிஃபிகேட் எரரைப் போக்க, சரிபார்ப்பையே அணைக்கும் 'ரிஜெக்ட் அன்ஆத்தரைஸ்டு: ஃபால்ஸ்' வரியை எங்கிருந்தாவது காப்பி செய்துவிடுகிறார்கள். எரர் போய்விடும், சோதனையும் சேர்ந்து போய்விடும். சிஏ கோப்பு காலாவதியாகும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆர்டிஎஸ்ஸின் 2019-ஆம் ஆண்டுச் சர்டிஃபிகேட் 2024 ஆகஸ்டில் காலாவதியானது.

கே: பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

கோடில் வேண்டாம். சர்வரின் என்விரான்மென்ட் வேரியபிளில், அல்லது ரகசியங்களை வைக்கும் சேவையான சீக்ரெட்ஸ் மேனேஜரில். தவறிப்போய், கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் ஏற்றிவிட்டால் கோப்பை அழிப்பது பயன்படாது, பழைய கமிட்டில் (சேமித்த பதிப்பில்) அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும்.

கே: 'டூ மெனி கிளையன்ட்ஸ்' என்று வருகிறது. வாடிக்கையாளர்கள் இருபது பேர்தானே?

டேட்டாபேஸ் எண்ணுவது ஆட்களை அல்ல, கனெக்ஷன்களை. ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸில் உச்ச எண்ணிக்கை மெமரியைப் பொறுத்தது: மெமரி பைட்டுகளை 9531392-ஆல் வகுக்க வேண்டும். 1 ஜிபி மெஷினுக்குக் கணக்குப்படி 112 வரும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒதுக்கியது போக நிஜத்தில் அதைவிடக் குறைவு. நீங்களே நிறுவிய போஸ்ட்கிரெஸில் 100, மைஎஸ்க்யூஎல்லில் 151 என்பது வழக்கமான அமைப்பு.

இப்போது அப்ளிகேஷன் பக்கம். பூல் (திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கனெக்ஷன்கள்) அளவு 10. ஒரு சர்வரில் நான்கு வொர்க்கர் (அப்ளிகேஷனின் தனித்தனிப் பிரதிகள்). ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனி பூல் என்பதை மறந்துவிடுகிறோம். ஆக 40. சர்வர் இரண்டு என்றால் 80. புது வெர்ஷன் ஏற்றும்போது பழையதும் புதியதும் சில நிமிடம் சேர்ந்து ஓடும்: 160. டிப்ளாய் செய்யும்போது மட்டும் இந்த எரர் வருகிறது என்பவர்களுக்குக் காரணம் இதுதான். பைத்தானின் எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரியில் எதையும் மாற்றாமல் விட்டால் பூல் 5, நெரிசலில் கூடுதலாக 10, ஆக ஒரு வொர்க்கருக்கு 15 வரை போகும்.

பூலை இன்னும் பெரிதாக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். குறைத்துப் பாருங்கள். இரண்டு கோர் மெஷின் ஒரே நேரத்தில் நூறு குவெரியை ஓட்டாது, வரிசையில்தான் நிறுத்தும். அந்த வரிசை பூலிலேயே நிற்பது நல்லது. ஒரு வொர்க்கருக்கு 3 முதல் 5 என்பது சின்ன அப்ளிகேஷனுக்குத் தாராளம்.

அதற்குப் பிறகும் நிரம்பினால் போஸ்ட்கிரெஸின் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' வியூவைத் திறந்து, நிலை என்ற கட்டத்தைப் பாருங்கள். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று வரிசையாக இருந்தால், கோடு டிரான்சாக்ஷனை (ஒன்றாகவே பதிவாக வேண்டிய வேலைத் தொகுப்பை) தொடங்கிவிட்டு வேறெதற்கோ காத்திருக்கிறது. பேமென்ட் கேட்வேயின் பதிலுக்காக, எஸ்எம்எஸ் போவதற்காக. அந்த வேலைகளை டிரான்சாக்ஷனுக்கு வெளியே எடுங்கள்.

லாம்ப்டா போன்ற சர்வர்லெஸ் ஃபங்ஷன்களில் (அழைக்கும்போது மட்டும் ஓடும் கோடு) ஒவ்வொன்றும் தனிக் கனெக்ஷன் திறக்கும் என்பதால் நடுவில் கனெக்ஷன்களைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் அல்லது ஆர்டிஎஸ் பிராக்ஸி தேவைப்படும். பிஜிபவுன்சரின் வழக்கமான போர்ட் 6432. அதை டிரான்சாக்ஷன் மோடில் வைத்து, பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (முன்பே தயாரித்து வைத்த குவெரி) எரர் வந்தால் 1.21-க்கு முந்தைய வெர்ஷனா என்று பாருங்கள்.

கே: காலையில் கடை திறந்ததும் முதல் கிளிக் எரர், இரண்டாவது கிளிக் சரி. ஏன்?

இரவு முழுக்கச் சும்மா இருந்த கனெக்ஷன் மறுமுனையில் எப்போதோ அறுந்துபோயிருக்கும். பூலுக்கு அது தெரியாது. மைஎஸ்க்யூஎல் 28800 வினாடி, அதாவது 8 மணி நேரம், சும்மா இருக்கும் கனெக்ஷனை வெட்டிவிடும். இரவு ஒன்பதுக்குப் பூட்டிக் காலை ஒன்பதுக்குத் திறக்கும் கடைக்கு 12 மணி நேரம் ஆகிவிடுகிறதே. நடுவில் அமேசானின் நேட் கேட்வே (உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாயில்) இருந்தால் அது 350 வினாடியிலேயே வெட்டும்.

கனெக்ஷனைக் கையில் கொடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் அதற்குப் பெயர் 'பூல் ப்ரீ பிங்'. அதோடு கனெக்ஷனின் ஆயுளை மறுமுனை வெட்டும் நேரத்துக்கும் குறைவாக வையுங்கள். ஜாவாவின் ஹிக்காரி பூலில் அது டீஃபால்ட்டாகவே 30 நிமிடம்.

கே: தமிழ்ப் பெயர்கள் '????' என்று பதிவாகின்றன.

மைஎஸ்க்யூஎல்லில் டேபிளும் கனெக்ஷனும் இரண்டுமே யூடிஎஃப்8எம்பி4 (தமிழையும் சேமிக்கும் எழுத்துக் குறியீட்டு முறை) ஆக இருக்க வேண்டும். டேபிளை மட்டும் மாற்றிவிட்டுக் கனெக்ஷன் அமைப்பை லத்தீன்1-இலேயே விட்டால் கேள்விக்குறிதான் மிஞ்சும். அப்படிப் பதிவானதை மீட்க வழியில்லை, திரும்ப அடிக்க வேண்டும்.

தமிழ் சரியாகத் தெரிந்தும் தேடினால் கிடைக்காமல் போவதுண்டு. 'கொலுசு' என்பதில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது க-வும் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, டேட்டாபேஸுக்கு முழுச் சொல்லும் முதல் விதத்தில் 6 குறியீடு, இரண்டாவதில் 7. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி என்ற யூனிகோடு பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒரே மாதிரி ஆகிவிடும்.

கே: எடைக் கூட்டல் அபத்தமாக வருகிறது. 12.500 உடன் 3.250 கூட்டினால் 12.5003.250.

நோட் ஜேஎஸ்ஸின் போஸ்ட்கிரெஸ் டிரைவர் நியூமெரிக் வகையை எழுத்துச் சரமாகத் தருகிறது, துல்லியம் கெடக்கூடாது என்பதற்காக. தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டுக்கு மாற்றித் தப்பிக்காதீர்கள். வெள்ளியில் மில்லிகிராமுக்கும் காசு உண்டு, டச்சும் (வெள்ளியின் தூய்மை அளவு) சேதாரமும் பெருக்கியபின் வித்தியாசம் தெரியும். கூட்டலை எஸ்க்யூஎல்லிலேயே செய்யுங்கள், அல்லது டெசிமல் லைப்ரரி போடுங்கள்.

கே: 'இன்றைய வசூல்' ரிப்போர்ட்டில் நள்ளிரவுக்குப் பிந்தைய முன்பதிவுகள் முந்தைய நாளில் விழுகின்றன.

கிளவுட் டேட்டாபேஸ் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். அதன் நாள் நமக்குக் காலை 5:30-க்குத்தான் தொடங்குகிறது. நேரத்தை 'டைம்ஸ்டாம்ப் டிஇசட்' வகையில் சேமித்து, ரிப்போர்ட்டில் நாளாகப் பிரிக்கும்போது 'ஏசியா/கொல்கத்தா' என்று மாற்றுங்கள்.

கே: ஏற்காட்டில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. ஒரே அறை இரண்டு முறை பதிவாகிவிட்டது.

கொண்டை ஊசி வளைவில் காரில் இருந்தபடி ஒருவர் 'பதிவு செய்' அழுத்துகிறார். டேட்டாபேஸில் பதிவு முடிந்துவிட்டது, பதில் வரும் முன் சிக்னல் போய்விட்டது. அவர் மறுபடி அழுத்துகிறார். இதில் யார் மீதும் தப்பில்லை, அப்ளிகேஷன்தான் தயாராக இருக்க வேண்டும்.

படிவம் திறக்கும்போதே அதற்கொரு தனி எண்ணை உருவாக்கி, முன்பதிவு டேபிளில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது முறை அதே எண் வந்தால் பழைய பதிவையே திருப்பிக் காட்டுங்கள்.

இது ஒரே ஆள் இருமுறை அழுத்துவதைத் தடுக்கும். வேறு வேறு ஆட்கள் ஒரே அறையை ஒரே நொடியில் கேட்பது தனிக்கதை, மே மாதக் கோடை விழாச் சமயத்தில் நடக்கும். 'அறை காலியா' என்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதும் கோடு அதற்குத் தாங்காது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். போஸ்ட்கிரெஸில் எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடு இருக்கிறது. 'பிட்ரீ ஜிஸ்ட்' எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, அறை எண் ஒன்றாகவும் தேதி வரம்பு ஒன்றோடொன்று மோதுவதாகவும் இரண்டு வரிசை இருக்கக்கூடாது என்று டேபிளிலேயே எழுதலாம். தேதி வரம்பில் கிளம்பும் நாளைச் சேர்க்காமல் விடுங்கள். இல்லையென்றால் காலையில் ஒருவர் காலி செய்யும் அறையை மாலையில் இன்னொருவருக்குத் தர முடியாது.

கே: சோதனைக்கு வைத்த டேட்டாபேஸை நிறுத்தி வைத்தும் பில் வருகிறது.

நிறுத்தினாலும் ஸ்டோரேஜுக்குக் கட்டணம் உண்டு. அதோடு ஆர்டிஎஸ் ஏழு நாள் கழித்துத் தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். வேண்டாமென்றால் ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.

கே: யாரோ தவறுதலாக டேபிளை அழித்துவிட்டார். பேக்கப்பை மீட்டேன், ஆனால் அப்ளிகேஷனில் டேட்டா வரவில்லை.

ஆர்டிஎஸ் பழைய இன்ஸ்டன்ஸின் மேலேயே மீட்காது. நீங்கள் சொன்ன நேரத்து நிலையோடு புதிய இன்ஸ்டன்ஸ் ஒன்றை, புதிய முகவரியில் உருவாக்கும். அப்ளிகேஷன் இன்னும் பழைய முகவரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அழிந்தது ஒரே டேபிள் என்றால் புதியதிலிருந்து அந்த டேபிளை மட்டும் டம்ப் (நகல் கோப்பு) எடுத்துப் பழையதில் ஏற்றுங்கள். நடுவில் வந்த பில்கள் பத்திரமாக இருக்கும். முழுவதுமே போயிருந்தால் பழைய இன்ஸ்டன்ஸின் பெயரை மாற்றிவிட்டு, அந்தப் பெயரைப் புதியதற்குக் கொடுங்கள். முகவரி பெயரை ஒட்டியே அமைவதால் அப்ளிகேஷனில் எதையும் மாற்ற வேண்டியிருக்காது. செக்யூரிட்டி குரூப்பையும் பாராமீட்டர் குரூப்பையும் (டேட்டாபேஸ் அமைப்புகளின் தொகுப்பு) ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மீட்கும்போது அவற்றை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால் டீஃபால்ட் குரூப் ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபடி 'டைம்டு அவுட்' வரும். பேக்கப்பை 35 நாள் வரை வைத்திருக்கலாம். 0 என்று வைத்தால் தானாக எடுக்கும் பேக்கப்பே கிடையாது.